ஒல்லியாகக் காட்டிய கேமராவும் எலும்பை எண்ணிய கேமராவும்

2006இல் அமெரிக்காவின் ஹியூலட்-பேக்கர்ட் கம்பெனி, நாம் எச்.பி. என்று சொல்கிற அதே கம்பெனி, ஒரு புது வசதியோடு டிஜிட்டல் கேமராக்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. போட்டோஸ்மார்ட் என்று வரிசையின் பெயர். ஆர்727, ஆர்927 என்றெல்லாம் மாடல் எண்கள். படம் எடுத்துவிட்டு, கேமராவின் மெனுவுக்குள் போய் ஒரு பொத்தானை அழுத்தினால் படத்தில் இருப்பவர் ஒல்லியாகிவிடுவார். கேமரா ஆளைப் பத்து பவுண்டு கூட்டிக் காட்டும் என்று அமெரிக்காவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பத்து பவுண்டை நாங்கள் இறக்கித் தருகிறோம் என்று கம்பெனி விளம்பரம் செய்தது.

வேலை செய்யும் விதம் சிக்கலானதில்லை. படத்தின் நடுப்பகுதியைக் கேமரா பக்கவாட்டில் நெருக்கும். நெருக்கியதால் மிச்சமாகும் இடத்தை எதைக் கொண்டாவது நிரப்பியாக வேண்டும், அதனால் ஓரங்களை இழுத்து அகலமாக்கும். நடுவில் நிற்பவர் இளைப்பார், ஓரத்தில் நிற்பவர் பருப்பார், பின்னால் உள்ள கதவும் தூணும் உப்பும். ஊர்ப் பொதுப் படம் ஒன்றில் நடுவில் யார் நிற்பார், ஓரத்தில் யார் நிற்பார் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்தக் கேமராக்கள் நீண்ட நாள் நிற்கவில்லை. 2007 நவம்பரில் எச்.பி. கேமரா செய்வதையே கைவிட்டது. ஆனால் பொத்தான் சாகவில்லை. இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தின் எந்தச் சேரியிலும் எந்தப் பிள்ளையின் கையில் இருக்கும் போனிலும் அது இருக்கிறது, பியூட்டி மோடு என்ற பெயரில். உடம்பை இளைக்க வைப்பதோடு தோலை வெளுக்கவும் கற்றுக்கொண்டுவிட்டது.

இதைப் பற்றி நாம் எழுதுவானேன் என்று சிலர் கேட்பார்கள். நிலம், கூலி, வன்கொடுமை வழக்கு என்று எழுத எவ்வளவோ கிடக்கும்போது போட்டோ அழகு ஒரு விஷயமா? விஷயம்தான். ஒல்லி உடம்புக்கும் கேமராவுக்கும் உள்ள உறவில் நம் மக்களுக்கு 150 வருட வரலாறு உண்டு. அதில் ஒரு பகுதி நடந்தது நம் மண்ணிலேயே.

மாகறல், காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில் செய்யாற்றங்கரையில் இருக்கும் ஊர். சம்பந்தர் பாடிய மாகறலீசுவரர் கோயில் இங்கேதான். லிங்கம் உடும்பின் வால் வடிவத்தில் இருப்பதாகத் தலபுராணம் சொல்லும்; உடம்பு நோய் தீர வேண்டும் என்று வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். பதிகத்தில் இந்த ஊரின் பொழிலும் மாடமும் பாடப்பட்டிருப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். கழனியில் இறங்கியவரின் உடம்பு எப்படி இருந்தது என்பதற்கு அந்த மாதிரிப் பாட்டுகளில் இடமில்லை. அந்த உடம்பை முதன்முதலாகப் பார்த்துப் பதிவு செய்தது வெள்ளைக்காரனின் கேமரா. எப்படிப் பார்த்தது என்பதுதான் பேச்சு.

வெள்ளைக்காரன் காலத்தில் மாகறல் உட்பட இந்தக் காஞ்சிபுரம் வட்டாரம் முழுக்க செங்கல்பட்டு ஜில்லா. 1876இல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்களின் பாட்டிமார்கள் சொன்னது அதைத்தான். 1878 வரை நீடித்தது. மதராஸ், மைசூர், பம்பாய், ஐதராபாத் எல்லாம் சேர்த்து செத்தவர்கள் எண்ணிக்கையை 55 லட்சத்திலிருந்து 1 கோடி வரை மதிப்பிடுகிறார்கள். முதலில் விழுந்தவர்கள் நிலமில்லாத விவசாயக் கூலிகள். செங்கல்பட்டு ஜில்லாவில் நிலமில்லாத விவசாயக் கூலி என்றால் அது பெரும்பாலும் பறையர் என்பதற்கு இன்னொரு பெயர்.

மழை பெய்யாதது இயற்கை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மனிதர்கள் போட்ட உத்தரவு. வைஸ்ராய் லிட்டன், பஞ்சச் செலவைக் கட்டுப்படுத்தச் சொல்லி சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரை மதராசுக்கு அனுப்பினார். இந்த டெம்பிள்தான் 1874இல் பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துப் பல உயிரைக் காப்பாற்றியவர். காப்பாற்றியதற்காக, பணத்தை வீணடித்தார் என்று திட்டு வாங்கியவரும் அவரே. பழியைக் கழுவிக்கொள்ள அவருக்கு நம் மக்கள் கிடைத்தார்கள். 1877 ஜனவரியில், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்பது நம் கணக்கில் அரைக்கிலோவுக்கும் கீழே. டெம்பிள் கூலி என்றே இதற்குப் பெயர் வந்துவிட்டது. மதராஸின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், இதை வாங்கிக்கொண்டு வேலை செய்தால் ஆள் செத்துப்போவான் என்று எழுத்தில் சண்டை போட்டார். பின்னாளில் மைக் டேவிஸ் என்ற வரலாற்றாளர் 2001இல் வெளியிட்ட புத்தகத்தில், இந்தக் கூலி தரும் உணவு நாஜிகளின் பூகென்வால்ட் முகாமில் 1944இல் கொடுத்த உணவை விடக் குறைவு என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு துண்டு, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி, அப்போது பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. கவர்னர் பெயரை வைத்தார்கள். வெட்டியவர்களில் ஒருவர் பெயரும் அங்கே இல்லை. அதன் மேல் இப்போது பறக்கும் ரயில் ஓடுகிறது.

அதே 1877 ஜனவரியில் டெல்லியில் லிட்டன் ஒரு தர்பார் நடத்தினார், விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்க. ராஜாக்களும் நவாபுகளும் அதிகாரிகளுமாக ஆயிரக்கணக்கானோர் ஒரு வாரம் உண்டார்கள். அங்கேயும் கேமரா இருந்தது. பட்டும் முத்துமாலையுமாக, நாற்காலியில் அடங்காத உடம்போடு ராஜாக்கள் உட்கார்ந்திருக்கும் படங்கள் இன்றைக்கும் அழகாக அச்சாகின்றன.

மதராஸ் பஞ்சத்தைப் படமெடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர். மதராஸ் ராணுவத்தின் குதிரைப்படை அதிகாரி. உங்களில் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், ஆனால் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சம் என்று இணையத்தில் தேடினால் முதலில் வருபவை அவை. எலும்பின் மேல் தோல் மட்டும் போர்த்திய ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் வரிசையாக உட்கார வைக்கப்பட்டு, சிலர் பக்கத்தில் இருப்பவரால் தாங்கப்பட்டு, கேமராவைப் பார்க்கிறார்கள். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

அந்தக் காலத்தில் படமெடுப்பது எப்படி என்று தெரிந்தால்தான் இந்தப் படங்களின் கனம் புரியும். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூச வேண்டும். வெள்ளி உப்புக் கரைசலில் தோய்க்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படமெடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்க் கழுவ வேண்டும். கால்மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். போகிற போக்கில் யாரும் எடுத்த படம் இல்லை இது. கூடாரம் அடித்து, பெட்டி இறக்கி, ஆட்களைக் கூட்டி வந்து, எப்படி உட்கார வேண்டும் என்று ஏற்பாடு செய்து எடுத்தது. கழுவுவதற்குத் தண்ணீர் வேண்டும். குளம் வற்றிக் கிடந்த வருஷத்தில், தகடு கழுவ யாரோ தண்ணீர் சுமந்து வந்திருக்கிறார். சில விநாடிகளாவது அசையாமல் இருந்தால்தான் உருவம் கலங்காமல் விழும். இந்தப் படங்களில் உருவம் கலங்கவில்லை. அசையத் தெம்பு இருந்திருக்காது.

இன்னொன்று. அந்தத் தகட்டுக்கு நீல ஒளிதான் தெரியும். சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் அதற்கு இருட்டு. வெயிலில் வெந்த பழுப்புத் தோல் நேரில் இருப்பதைக் காட்டிலும் கறுத்து விழும், எலும்பின் மேட்டில் படும் வெளிச்சம் மட்டும் பளிச்சென்று வெளுக்கும். இளைத்த உடம்பு இன்னும் இளைத்தும், கறுத்த உடம்பு இன்னும் கறுத்தும் தெரியும். எச்.பி. கம்பெனிக்கு 130 வருடம் முன்பே ஒல்லியாகக் காட்டும் கேமரா இருந்தது. அதன் பொத்தான் நம் கையில் இல்லை.

ஹூப்பர் ஆட்களைக் கூட்டி வந்து படமெடுத்துவிட்டு, சோறோ மருந்தோ தராமல் திருப்பி அனுப்பினார் என்ற குற்றச்சாட்டு அவர் மேல் நிலைத்துவிட்டது. ஒன்பது வருடம் கழித்து 1886இல் மாண்டலேயில் அவர் ராணுவப் போலீஸ் தலைமையில் இருந்தபோது, பர்மியக் கைதிகளைச் சுட்டுக் கொல்லும் அந்தக் கணத்தைப் படமெடுக்க முயன்றார் என்று லண்டன் பத்திரிகைகளும் பாராளுமன்றமும் கொதித்தன. விசாரணை வைத்துக் கண்டித்தார்கள். மதராஸில் செய்ததற்கு விசாரணை எதுவும் இல்லை. அந்தப் படங்களை வைத்து வரைந்த சித்திரங்கள் லண்டன் பத்திரிகைகளில் வந்தன, நன்கொடையும் திரண்டது, அதனால் சில உயிர்கள் பிழைத்திருக்கும் என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் படத்தில் இருக்கும் ஒருவரின் பெயரும் குறிக்கப்படவில்லை. ஊர் இல்லை, வயது இல்லை. நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள் என்ற தோரணையில் தலைப்பு மட்டும் உண்டு. தகுதி என்றால் விலா எலும்பு தெரிவது.

பஞ்சம் முடிந்த பிறகும் இந்த ஜில்லாவில் உடம்பு தேறவில்லை. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் குடிசையின் அடிமண்கூட மிராசுதாருக்குச் சொந்தம், எதிர்த்துப் பேசினால் அன்றே வெளியேற்றலாம், வாங்கிய கடனுக்காகப் படியாளாகக் கிடக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதினார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்தின் மூலம். ஹூப்பரின் கண்ணாடித் தகடு செய்யாததை ஒரு கலெக்டரின் காகிதம் செய்தது, ஏனென்றால் அது ஏன் இளைத்தார்கள் என்று கேட்டது. அந்த நிலம் இப்போது யார் கையில் என்பதை நாம் வேறு கட்டுரைகளில் எழுதிவருகிறோம்.

பஞ்சத்துக்கு அடுத்து நம்மைத் தேடி வந்தது அளவுகோல். 1868 முதல் 1875 வரை, இந்திய மக்கள் என்ற தலைப்பில் எட்டுத் தொகுதிகளாகச் சாதிவாரிப் படங்களை அரசு வெளியிட்டிருந்தது. ஹூப்பரின் படங்களும் அதில் உண்டு. பிறகு மதராஸ் மியூசியத்துக்குக் கண்காணிப்பாளராக வந்த எட்கர் தர்ஸ்டன், கேமராவோடு காலிப்பரையும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். தலை, மூக்கு, மார்பு, தோள் எல்லாம் அளந்தார். அளக்க வருகிறார் என்றதும் ஜனங்கள் ஓடி ஒளிந்ததை அவரே தமாஷாக எழுதியிருக்கிறார். தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்று நாம் அறிந்த ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. மூக்கு சப்பையாக இருந்தால் கீழினம், கூராக இருந்தால் மேலினம் என்று ஒரு போலி விஞ்ஞானம் அப்போது கொடிகட்டிப் பறந்தது.

அந்தக் காலிப்பரைப் பிடுங்கித் திருப்பி நீட்டியவர் அண்ணல் அம்பேத்கர். 1948இல் வெளியிட்ட தீண்டப்படாதவர்கள் யார் என்ற நூலில், குர்யே தொகுத்த மூக்களவுகளையே எடுத்துவைத்து, இந்த அளவை நம்புவதானால் பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்றுதான் முடிவு வருகிறது என்று காட்டினார். அந்த நூலை அவர் மூன்று பேருக்குக் காணிக்கையாக்கினார். அதில் ஒருவர் நம் நந்தனார்.

நந்தனாரைச் சொல்லாமல் இந்த விஷயத்தைத் தாண்ட முடியாது. சேக்கிழார் பெரியபுராணத்தில் என்ன சொல்கிறார்? புலைப்பாடியில் பிறந்தவர் தில்லைக்குள் நுழைய வேண்டுமானால் நெருப்பில் இறங்க வேண்டும். இறங்கினார். எழுந்து வரும்போது பழைய உடம்பு இல்லை. முப்புரிநூல் அணிந்த முனிவர் வடிவம். அந்த வடிவத்தைத்தான் தில்லைவாழ் அந்தணர்கள் கும்பிட்டார்கள். ஸ்டூடியோக்காரர்கள் மொழியில் சொன்னால், நம் சரித்திரத்தில் நடந்த முதல் டச்சப் அது. மூல நெகட்டிவை எரித்துவிட்டுச் செய்த டச்சப்.

ஆனால் எல்லா டச்சப்பையும் ஒரே தராசில் வைக்க நாம் தயாரில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுக் கட்டளைகள் போட்டார்கள். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் அவற்றைப் பட்டியலாகவே கொடுத்திருக்கிறார். தங்கமும் வெள்ளியும் அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. கிராப் வெட்டக் கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மூடக் கூடாது. பூ வைக்கக் கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளை போயின. இது ராமநாதபுரத்தில் எழுத்தில் வந்தது. எழுத்தில் வராமலே எல்லா ஜில்லாவிலும் இருந்தது.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, நம் வீடுகளில் தகரப் பெட்டிக்குள் கிடக்கும் பழைய ஸ்டூடியோப் படங்களைப் பாருங்கள். கோட்டு. ஸ்டூடியோவில் ஆணியில் தொங்கும் கோட்டு. முதுகுப் பக்கம் ஊக்கு குத்தி அளவாக்கியது. எல்லாருக்கும் அதே கோட்டு, அதே டை, அதே கைக்கடிகாரம். ஓடாத கடிகாரமாக இருந்தாலும் மணிக்கட்டு தெரியும்படி கையை வைக்கச் சொல்வார்கள். காலில் செருப்பு, சில படங்களில் ஷூ. பெண்ணின் தலையில் பூ, அது படத்தின் முன்பக்கம் தெரிவதற்காகத் தோளில் எடுத்துப் போட்ட பூ. பின்னால் திரையில் மாடிப்படியும் தாமரைக் குளமும். ஊரில் எதையெல்லாம் கூடாது என்றார்களோ அதெல்லாம் அந்த ஆறடி அறைக்குள் கூடும். காஞ்சிபுரம் வரைக்கும் நடந்தோ வண்டியிலோ போய், ஒரு நாள் கூலியைக் கொடுத்து, ஓர் உடம்பை நாம் உண்டாக்கிக்கொண்டோம்.

ஸ்டூடியோவில் பவுடர் டப்பா இருக்கும், சீப்பும் கண்ணாடியும் இருக்கும். படம் எடுத்த பிறகு நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் டச்சிங் செய்வார்கள். கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளம், கன்னத்துக் குழி, கழுத்து எலும்பின் நிழல் இவற்றை நெகட்டிவில் பென்சிலால் அடைத்தால் பிரிண்டில் அந்த இடம் வெளுத்து நிரம்பிவிடும். எச்.பி. கேமரா செய்ததற்கு நேர் எதிர் வேலை இது. அங்கே சதையை இறக்கினார்கள், இங்கே ஏற்றினார்கள். நம் தாத்தாக்களுக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் சதை. பசியில் ஒட்டிய கன்னத்தோடு பேரப்பிள்ளைகள் தங்களைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார்கள். அதைப் பொய் என்று யாராவது சொன்னால் நாம் சண்டைக்கு வருவோம்.

கோட்டைப் பற்றிப் பேசினால் ரெட்டைமலை சீனிவாசன் நினைவு வராமல் இருக்காது. இதே பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் கோழியாளம் கிராமத்தில் பிறந்தவர். 1893இல் பறையன் என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தியவர். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போனபோது, பறையன், தீண்டப்படாதவன் என்று எழுதிய பட்டையைக் கோட்டின் மேல் அணிந்துபோய் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முன் நின்றார் என்று நம் இயக்க வரலாறு சொல்லும். கோட்டும் இருந்தது, பெயரும் மறைக்கப்படவில்லை. நந்தனாருக்குக் கொடுக்கப்படாத சலுகையை இவர் எடுத்துக்கொண்டார்.

பிறகு கலர் பிலிம் வந்தது. கோடாக் கம்பெனி தன் லேப்களுக்கு நிறம் சரிபார்க்க ஓர் அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ஷர்லி அட்டை என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் பிலிம் சரி, மெஷின் சரி. கறுப்புத் தோலின் நுணுக்கம் அந்தப் பிலிமில் சரியாக விழவில்லை என்று மக்கள் சொன்னபோது கம்பெனியின் காதில் ஏறவில்லை. சாக்லேட் செய்கிறவர்களும் மரச்சாமான் செய்கிறவர்களும் எங்கள் சரக்கின் பழுப்பு நிறம் படத்தில் வரவில்லை என்று புகார் சொன்னபோதுதான் திருத்தம் தொடங்கியது. மேசை நாற்காலிக்குக் கிடைத்த மரியாதை என்று இதைக் குறித்துக்கொள்ளலாம். 1970இல் அமெரிக்காவில் போலராய்டு கம்பெனியின் கறுப்பினத் தொழிலாளர்கள், தங்கள் கம்பெனியின் கேமராக்கள் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களை அடக்கும் பாஸ் புத்தகத்துக்குப் படமெடுக்கப் பயன்படுவதைக் கண்டுபிடித்துப் போராடினார்கள். ஏழு வருடம் கழித்து 1977இல் கம்பெனி அங்கிருந்து வெளியேறியது. தொழிற்சங்கத் தோழர்கள் படிக்க வேண்டிய போராட்டம்.

எச்.பி.யின் கதையிலும் ஒரு பாக்கி உண்டு. 2009 டிசம்பரில், அதன் கம்ப்யூட்டர் கேமரா வெள்ளைக்காரப் பெண் அசைந்தால் கூடவே திரும்புகிறது, கறுப்பின மனிதர் அசைந்தால் முகம் இருப்பதே தெரியாமல் நிற்கிறது என்று இரண்டு கடை ஊழியர்கள் வெளியிட்ட வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. வெளிச்சம் போதாததால் வந்த சிக்கல் என்று கம்பெனி விளக்கம் சொன்னது. ஒல்லியாக்கத் தெரிந்த மூளைக்கு ஆள் இருப்பது தெரியவில்லை. 2018இல் ஜாய் புவலம்வினி என்ற கறுப்பின ஆய்வாளர் இதை எண்ணில் நிரூபித்தார்: முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களில் ஒன்று, கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம் வரை தவறியது. வெளுத்த ஆண்களிடம் தவறு 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. தமிழ்நாடு காவல்துறையும் முகமறியும் மென்பொருளைப் பயன்படுத்துகிறது. சந்தேகம் என்றால் முதலில் எந்தத் தெருவுக்கு வண்டி வரும் என்பது நமக்குத் தெரியும்.

மாகறலுக்குத் திரும்புவோம். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் பிளக்ஸ். பெண்ணும் மாப்பிள்ளையும் பிளக்ஸில் ரோஸ் நிறம். இடுப்பு கம்ப்யூட்டரில் பிடித்து இழுத்தது, தாடையும் அப்படியே. ஆளைத் தெரிந்தவர்களுக்கே அடையாளம் தெரிவதில்லை. பெண் உடுத்தியிருப்பது காஞ்சிப் பட்டு. அந்தப் பட்டுக்குப் பின்னால் உள்ள உடம்புகளைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஓர் அறிக்கை வெளியிட்டது: முன்பணத்துக்கு அடகாகித் தறியில் உட்கார வைக்கப்பட்ட குழந்தைகள், அவர்களில் தலித் குழந்தைகள் ஏராளம். குழித்தறியில் வருடக்கணக்கில் உட்கார்ந்த முதுகும் முழங்காலும் காந்தி ரோட்டுப் புடவைக்கடை விளம்பரத்தில் வராது. அங்கே புடவைக்குள் நிற்பது வேறு உடம்பு, வேறு நிறம்.

உண்மையில் நம் பெண்களின் உடம்புக்கு என்ன பிரச்சினை? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வில் 40 சதவீதப் பெண்கள் அளவுக்கு மீறிய எடை. ரேஷன் அரிசியை வைத்தே வயிற்றை நிரப்பினால் ரத்தமும் ஊறாது, எடையும் ஏறும். இரண்டும் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே உடம்பில் இருக்கும். போன் இரண்டையும் ஒரே விரலில் துடைத்துவிடுகிறது, இடுப்பையும் சோகையையும்.

பிள்ளைகளைத் திட்டி இதை முடித்துவிட முடியாது. 2012இல் பா.ம.க. நிறுவனர் மருத்துவர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு தங்கள் சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று மேடைக்கு மேடை பேசினார். அந்த நவம்பர் 7ஆம் தேதி தருமபுரி நத்தம் காலனியிலும் அக்கம்பக்கத்திலும் நம் மக்களின் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிந்தன. கோட்டும் பனியனும் கூடாது என்ற 1930க்கும் ஜீன்ஸ் கூடாது என்ற 2012க்கும் நடுவே 82 வருடம். இந்த நிலையில் ஒரு சேரிப் பையன் கூலிங் கிளாஸ் போட்டு, தலை சீவி, பைக்கில் சாய்ந்து ஒரு படம் போடுகிறான் என்றால் அது தாத்தாவின் கோட்டுக்குத் தொடர்ச்சி. அவனோடு நாம் நிற்கிறோம். அவன் கூலிங் கிளாஸைத் தேர்ந்தெடுத்தான். ஆனால் தோலை வெளுக்கும் அந்தப் பொத்தானை அவன் தேர்ந்தெடுக்கவில்லை, பல போன்களில் கடையில் வாங்கும்போதே அது முடுக்கிவிடப்பட்டிருக்கிறது. இந்த வித்தியாசத்தை நம் பிள்ளைகளிடம் பேச வேண்டியிருக்கிறது.

பிரான்சில் 2017 அக்டோபர் 1 முதல், மாடலின் உடம்பை மென்பொருளால் இளைக்க வைத்தோ பருக்க வைத்தோ விளம்பரம் செய்தால், திருத்திய படம் என்று அதில் எழுதியாக வேண்டும். நார்வே 2021இல் இப்படிச் சட்டம் இயற்றியது. கூகுள் கம்பெனி 2020இல் தன் பிக்சல் போன்களில் முகத் திருத்தத்தை முதலிலேயே அணைத்து வைப்பதென்று முடிவு செய்தது. வேண்டுமென்றால் நாமே போட்டுக்கொள்ளலாம். இங்கே சிவப்பழகு கிரீம் 1975 முதல் விற்று, 2020இல் பெயரில் இருந்த வெள்ளையை மட்டும் எடுத்துவிட்டு இன்னும் விற்கிறது.

நம் ஆட்களும் செய்கிறார்கள், அதையும் சொல்லிவிடுவோம். ஏப்ரல் 14க்கு வைக்கும் பிளக்ஸில் அண்ணலின் முகத்தைப் பாருங்கள். கன்னம் ரோஸ், உதடு சிவப்பு. காலண்டரில் முருகனுக்கு அடிக்கும் அதே வண்ணம். சர்க்கரை நோயோடும் மூட்டு வலியோடும் அரசியல் சட்டத்தை எழுதி முடித்த உடம்பு அது. கடைசி வருடங்களின் படங்களில் அவர் தளர்ந்து, கைத்தடியும் ஆள் துணையுமாக இருப்பார். அந்தப் படங்களை பிளக்ஸில் யாரும் போடுவதில்லை. கறுப்பு மேகம் மாதிரி ஒரு முகம் பேரறிவாளரின் முகமாக இருக்கலாம் என்பதை நம் தெருவிலேயே சொல்லப் பயந்தால், வேறு எங்கே போய்ச் சொல்வது?

மாகறலைச் சுற்றியுள்ள காலனிகளில் நாம் இப்போது பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி வருகிறோம். கிடைப்பது குறைவு. கூரை வீட்டில் மழையில் நனைந்தவை, தீ விபத்தில் போனவை, வெள்ளத்தில் போனவை, கறையான் தின்றவை. கிடைத்தவற்றில் பெரும்பாலும் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறது, சிலவற்றில் தேதி. பெயர் எழுதியது அபூர்வம், அதனால் உயிரோடு இருக்கும் பெரியவர்களைக் கேட்டு ஒவ்வொரு முகத்துக்கும் பெயர், ஊர், செய்த வேலை மூன்றையும் குறித்துக்கொள்கிறோம். ஸ்கேன் செய்யும் கடையில் ஒவ்வொரு தடவையும் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் கண்ணைத் திருப்பினால் தம்பி முகத்தை வெளுத்துவிடுகிறான், நல்ல எண்ணத்தில்தான். பென்சில் டச்சிங் இருந்தால் அதையும் அப்படியே விடச் சொல்கிறோம், புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம் என்கிறோம்.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, உத்திரமேரூர் பக்கத்தில் இப்படிப் படம் வைத்திருப்பவர்கள் தெரியப்படுத்துங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். கோட்டு யாருடையது என்று தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.